ஒன்பதாம் நாள் சிறுநீர்

விசாரணைக்கென்று கூட்டிப்போன கைதி பிணமாகத் திரும்பியதால், அந்தச் சிறையில் பதினோரு பேர் உண்ணாவிரதம் இருந்தார்கள். தினமும் காலையில் அவர்களுடைய சிறுநீரில் சோதனைப் பட்டையை நனைத்துப் பார்ப்பது கம்பவுண்டர் அற்புதராஜின் வேலை. பட்டினி கிடக்கும் உடம்பென்றால் பட்டை ஊதாவாகும்.

ஒன்பதாம் நாள் பத்துப் பட்டைகள் ஊதாவாயின. போராட்டத்தை நடத்திய கோட்டைச்சாமியின் பட்டை மட்டும் நிறம் மாறவில்லை. சூப்பிரண்டு அதை மற்றவர்களிடம் காட்டினார். “உங்க தலைவர் சாப்பிட்டுட்டார்.”

“ஒரு பருக்கை உள்ள போகலை,” என்றான் கோட்டைச்சாமி.

பத்துப் பேரும் அவனைச் சுவரோரம் தள்ளி விலாவிலும் இடுப்பிலும் மிதித்தார்கள். பட்டினி கிடந்த கால்களுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. முந்தின நாள் அவன் மயங்கிக் கிடந்தபோது, சூப்பிரண்டு சொல்லி, குளுக்கோஸ் ஏற்றியது அற்புதராஜ்தான். அது அவனுக்கே தெரியாது. அற்புதராஜ் பட்டைகளை அள்ளிக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் கோட்டைச்சாமி கொடுத்த பாட்டில் சிவப்பாக இருந்தது. “இன்னைக்கு என்ன காட்டுதுன்னு அவங்ககிட்ட சொல்லுங்க சார்.”

ரத்தத்தைத் துடைத்துப் பார்த்தபோது பட்டை ஊதாவாகியிருந்தது.

அற்புதராஜ் அந்தப் பட்டையோடு முற்றத்துக்குப் போனார். பத்துப் பேரும் வரிசையாக உட்கார்ந்து சோறு பிசைந்துகொண்டிருந்தார்கள். சூப்பிரண்டு பக்கத்தில் நின்று, இன்னும் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவன் நிமிர்ந்து கேட்டான்.

“என்ன சார், இன்னைக்கும் தின்னுட்டானா?”

“அவன் தின்னவே இல்லை. மயக்கத்துல கிடந்தவனுக்கு நான்தான் குளுக்கோஸ் ஏத்தினேன்,” என்றார் அற்புதராஜ். “ஏத்தச் சொன்னது இவர்.”

சோற்றுக் கையோடு பத்துப் பேரும் எழுந்தார்கள்.