அந்த ஒரு வரி

ஓடைகளைக் காப்பது பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட, தன்னார்வக் குழுவுக்காக மருமகள் ஒரு வீடியோ தயாரித்துக்கொண்டிருந்தாள். சமையலறைதான் ஒலிப்பதிவுக் கூடம். பின்னணிக் குரல், சர்வேயராக இருந்து ஓய்வுபெற்ற மாமனார்.

மற்றதையெல்லாம் கடகடவென்று வாசித்தவர், ஒரே வரியில் மட்டும் நான்காவது முறையாகத் திக்கினார்.

"'ஓடையைத் தூர்த்து வீடு கட்டியவர்களுக்கு மனசாட்சியே இல்லை.' இதுல என்ன மாமா கஷ்டம்?"

"தொண்டை கட்டிக்கிச்சும்மா. அந்த வரியை எடுத்துடேன்."

"அதுதானே மாமா உயிர்! சரி, உங்க பழைய வரைபடத்துல ஒரு கிளை ஓடை இருக்கே, அது எங்கே? நாளைக்குப் போய்ப் படம் எடுக்கணும்."

"எங்கேயும் போக வேண்டாம்."

"ஏன்?"

"மழை பெஞ்சா இந்தத் தரை மட்டும் ஏன் ஊறுதுன்னு கேட்டுட்டே இருப்பியே..."

அவள் குனிந்து பார்த்தாள். போன வாரத்து மழைக்கு விரித்த சாக்கு இன்னும் காயவில்லை.

"புது வரைபடத்துல ஓடையை அழிச்சு, காஞ்ச நிலம்னு எழுதினது நான்தான்."

அவள் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள்.

"'ஓடை நம் எல்லோருக்கும் சொந்தம்'னு இருக்கு பாருங்க, அங்கேருந்து படிங்க மாமா."