ஒரு மாலைக்கு மட்டும் ஒரு வீடு

“எங்கட கலியாணப் படம் நேராத் தொங்குதோ?” என்று முக்காலியின் மேல் நின்றவாறு வினவினார் பாலேஸ்வரி.

“நேராத்தான் ஈக்குது அக்கா. படத்துட கருகின மூலைக்கு முன்னால பூச்சாடிய வைக்கிறன்,” என்றாள் ஹப்ஸா. படம் பாலேஸ்வரியுடையது, சுவரோ ஹப்ஸாவுடையது.

சென்ற வாரம், கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியின் நான்காம் மாடியில், குளிர்விக்க வேண்டிய பிரிட்ஜே தீப்பற்றிப் பாலேஸ்வரியின் வீட்டைக் கரிக்கோலமாக்கியிருந்தது. இன்றோ, மகள் யதுஷாவைப் பெண்பார்க்க வத்தளையிலிருந்து வருகிறார்கள்! தீப்பட்ட வீட்டுச் சம்பந்தம் ஆகாதென்று அவர்கள் திரும்பிவிட்டால்? ஆகவே, மூன்றாம் மாடியிலிருந்த ஹப்ஸாவின் வீடு அன்று மாலை மட்டும் பாலேஸ்வரியின் வீடாயிற்று.

“புரோக்கருக்கு இப்பதான் மூண்டாம் மாடி எண்டு மெசேஜ் போட்டனான்,” என்றார் கணவர் கனகசபாபதி. அவர் வாய் மூடுமுன் அழைப்புமணி ஒலித்தது.

மாப்பிள்ளை சாரங்கனும் அவன் தாய் அனுஷியாவும் முகமலர்ச்சியுடன் நுழைந்தனர். அனுஷியாவின் வெளிர்மஞ்சள் சேலையின் ஓரத்தில் கரிய தீற்றல் ஒன்று தெரிந்தது. வாகனம் ஓயாத காலி வீதிப் புழுதி யாரைத்தான் விட்டுவைக்கிறது என்று பாலேஸ்வரி எண்ணிக்கொண்டார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் அந்தப் பெருமுயற்சி, தேநீர் போடும்வரை செவ்வனே நடந்தேறியது. அதன்பின் பாலேஸ்வரி ஒவ்வோர் அலுமாரியாகத் திறந்து மூடலானார்.

“என்ன, சொந்தக் குசினியில சீனியைத் தேடுறீங்களோ?” என்றார் அனுஷியா.

விருந்தாளிபோல் அமர்ந்திருந்த ஹப்ஸாவுக்குப் பொறுக்கவில்லை. “மேல் தட்டுல, பச்ச டப்பாவில ஈக்குது அக்கா!” என்றவள், நாக்கைக் கடித்துக்கொண்டு, “நேத்து நீங்கதானே வச்சீங்க!” என்று சமாளித்தாள்.

“அம்மாக்கு இப்ப சரியான மறதி,” என்றாள் யதுஷா. சாரங்கன் சிரிப்பை அடக்க மாட்டாமல் இருமினான். அவனைப் பார்த்த யதுஷாவும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த இருமலும் சிரிப்பும் சேர்ந்த பொருத்தம் எந்தச் சாதகத்திலும் காணக் கிடைக்காதது.

விடைபெற எழுந்த அனுஷியா, யதுஷாவின் கன்னத்தைத் தடவினார். “எங்களுக்குப் பிள்ளையை நல்லாப் பிடிச்சிருக்கு. இனி நீங்கள்தான் சொல்லவேணும்.”

பாலேஸ்வரிக்கு உச்சி குளிர்ந்தது. கனகசபாபதியோ ஹப்ஸாவைப் பார்த்து வெற்றிப் பெருமிதத்துடன் கண்சிமிட்டினார்.

“எங்களுக்கும் முழுச் சம்மதம்! கலியாணத்தை எப்ப வைப்பம்?” என்றார் பாலேஸ்வரி.

“உங்கட வீட்டு வேலை முடியட்டும். அதுக்குப் பிறகு வைப்பம்.”

“எந்த... எந்த வேலை?”

“கரி சுரண்டிற வேலைதான். அதைச் செய்யிற மேசன் பாஸ்தானே, முதல்ல நாலாம் மாடிக்குப் போன எங்களை இஞ்ச அனுப்பினவர், சம்பந்தி!”