ரப்பர் குண்டு

பழவேற்காட்டு ஏரியின் சாயங்கால வெளிச்சம் ரோஷன் பீவியின் மடியில் விழுகிறது. துபாயிலேயே இறந்து, அங்கேயே அடக்கமாகிவிட்ட மகன் ஜெகபர் அலியின் கம்ப்யூட்டர் மவுஸ்கள் இரண்டு அந்த மடியில் கிடக்கின்றன. அவனுடன் ஆபீஸில் வேலை பார்த்த கலந்தர் கொண்டுவந்திருக்கிறான். "இது வலைக்கண்ணு மாதிரி கோடு போட்ட தகட்டு மேல வெளிச்சத்தால ஓடும் உம்மா. உள்ள ஒண்ணும் சேராது. இன்னொண்ணுல ரப்பர் குண்டு உருளும். மேசைத் தூசி, கை அழுக்குன்னு எல்லாத்தையும் உள்ள இழுத்துக்கும்." மூடியைத் திருகிக் குண்டை எடுத்து அவள் கையில் வைக்கிறான். உள்ளே சின்ன உருளைகளில் சாம்பல் நிற அழுக்குத் திரண்டிருக்கிறது. அதைச் சுரண்ட அவன் நகம் போகிறது. அவள் அந்த விரலைப் பிடித்துக்கொள்கிறாள். "நோண்டாத நைனா. இதுவாவது வந்துச்சே." குண்டை முந்தானையில் துடைக்காமலே உள்ளே போட்டு மூடுகிறாள்.