இன்னிக்கு நீ முன்னால போ

டேய் ஸ்லிப்பருங்களா, பாத்ரூமத் தாண்டி ஊரே பாக்காதவனுங்களா, இந்த இடது ஷூ சொல்றதக் கேளுங்க!

மலைக்காட்டுல உறைபனி பாக்கப் போன நம்ம முதலாளி, வனத்துறை கட்டியிருந்த கயித்தத் தாண்டப் போனாரு. "அனுமதி இல்லை, பனிக்கு அடியில் சதுப்பு"ன்னு அதுல போர்டு தொங்குது.

எப்பவும் முதல்ல போற வலது ஷூ பம்முனான். "தம்பி, இன்னிக்கு நீ முன்னால போ."

"புது வீட்டுக்குள்ள போக நீ, சேத்துல முங்க நானாண்ணே?"ன்னு நகர மாட்டேன்னுட்டேன்.

நாங்க மல்லுக்கட்டினதுல அவரு தடுக்கி உக்காந்துட்டாரு. அவரோட ஃபிளாஸ்க் கயித்துக்கு அந்தப் பக்கம் உருண்டுச்சு. பனி உடைஞ்சு, அப்படியே உள்ள முங்கிருச்சு. அவரு எழுந்து நடைபாதைக்கே திரும்பிட்டாரு.

சட்டத்துக்கெல்லாம் பயந்து நான் நிக்கலடா. அவன் வழக்கம்போல முன்னால போயிருந்தா, நானும் பின்னாடியே போயிருப்பேன்.