பேச்சு வந்தால் பிழைப்பார்

"ஐயா! உங்க பேரு என்ன? சொல்லுங்க! ஒரே ஒரு வார்த்தை!"

டாக்டர் வேதமுத்து கட்டிலின் மேல் குனிந்து கத்தினார். பூந்தமல்லியிலிருந்து கோவில்பதாகைக்கு ஜட்காவில் பறந்து வந்தவர், நெற்றி வியர்வையைக்கூடத் துடைக்கவில்லை.

காலையில் கழனியில் மயங்கி விழுந்த பரந்தாமன் கண் விழித்து அவரைப் பார்த்தார். வலது கையால் டாக்டரின் விரலை இறுகப் பிடித்தார். உதடுகள் மட்டும் பிரியவில்லை.

டாக்டர் நிமிர்ந்து, பரந்தாமனின் அண்ணன் எத்திராஜிடம் சொன்னார்: "மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருக்கு. விளங்காமப் போனது இடது கையும் காலும். இடது பக்கம் விழுந்தா வழக்கமா பேச்சு போகாது. அதுவும் போச்சுன்னா ரத்தம் இன்னும் பரவுதுன்னு அர்த்தம். பேசிட்டாருன்னா பிழைப்பாரு. இல்லேன்னா... சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பிடுங்க."

பரந்தாமனின் மனைவி வரலட்சுமி பதறி ஓடி வந்தாள். "ஐயோ, டாக்டரே! அவரு பேசாததுக்கு..."

"நீ சும்மா இரும்மா!" எத்திராஜ் அதட்டினார். கலெக்டர் துரை எதிரில்கூட முதுகு வளையாதவர். "ஊட்டுச் சங்கதி வெளிய போவக்கூடாது."

"உங்க தம்பி உசுரு போவுது மாமா! நீங்க ஒரு வார்த்த சொன்னா..."

"நான் சொன்னா சொன்னதுதான்!"

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடி குனிந்தார். "நாக்கையாவது நீட்டுங்களேன், ஐயா!"

பரந்தாமனின் கண்கள் அண்ணனைத்தான் பார்த்தன. உதடுகள் இன்னும் இறுகின. வரலட்சுமி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

எத்திராஜின் மீசை துடித்தது. திடீரென்று பண்ணையாளைப் பார்த்துக் கத்தினார்: "டேய் வேம்புலி! ஆளுங்கள இட்டுகினு வா! கட்டிலோட தூக்கிகினு போயி தெருவுல வையி!"

"என்ன பண்றீங்க? இப்ப அசைச்சா உயிருக்கே ஆபத்து!"

"என் தம்பிய எனக்குத் தெரியும். தூக்குடா!"

ஆட்கள் தூக்கினார்கள். டாக்டர் நாடியை விடாமல் கூடவே ஓடினார். வாசலில் ஊரே திரண்டிருந்தது. கட்டில் நிலைப்படியைத் தாண்டியதுதான் தாமதம்.

"மெதுவாடா வேம்புலி! இன்னா, வைக்கோல் கட்டாடா தூக்கிகினு போற?"

குரல் கொஞ்சம் குழறியது. ஆனாலும் பரந்தாமனின் குரலேதான்!

கூட்டம் ஆர்ப்பரித்தது. வரலட்சுமி கையெடுத்துக் கும்பிட்டாள். டாக்டர் குதித்தே விட்டார். "பேச்சு வந்துடுச்சு! பிழைச்சுட்டாரு! ஏங்க, உள்ள அவ்வளவு கெஞ்சினேனே, அப்பவே பேசியிருக்கலாமே?"

"எப்பிடிங்க பேசறது?" தெருவுக்கே கேட்கும்படி சொன்னார் பரந்தாமன். "பாகம் பிரிச்சுக் குடுன்னு கேட்டதுக்கு, 'இந்த ஊட்டுக்குள்ள இனிமே நீ வாயத் தொறக்காதே'ன்னு அண்ணாத்தே சொல்லிட்டாரு. ஒம்போது வருசமா சோத்துக்குத் தவிர தொறக்கலியே!"