காய்ந்தால்தான்

படுக்கையறைக்கு அடித்தது போக மிஞ்சிய அரை வாளி நீலப் பெயிண்டைத் தணிகாசலம் குப்பை வண்டிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். வண்டிக்காரி குருவம்மா அதில் விரலை விட்டு எடுத்துக் காட்டினாள். "ஈரமா இருக்கு சார். மண்ணைப் போட்டுக் கிளறி வெயில்ல வைங்க. காஞ்சாத்தான் எடுப்பேன்." போன மாசம் யார் வீட்டுப் பெயிண்ட் டப்பாவோ வண்டியில் நசுங்கித் தெறித்ததில், அவளோடு வேலை பார்க்கும் சவரியம்மாளுக்கு இன்னும் ஒரு கண் கட்டோடுதான் இருக்கிறது.

"குப்பை அள்ளத்தானே வந்திருக்க?" என்றார் அவர்.

"ஆமா சார். தண்ணியை அள்ள வரல."

மூன்று நாளும் அவர் அதே வாளியை நீட்டினார். மூன்று நாளும் அவள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினாள். நாலாம் நாள் வாளி வாசலில் காலியாகக் கிடந்தது. வாசலோரம் அடைத்துக் கிடந்த சாக்கடை நீலமாக மினுங்கியது.

"தீர்ந்துபோச்சு, போ" என்றார்.

குருவம்மா வண்டியிலிருந்து மண்வெட்டியை எடுத்தாள். நீலச் சேற்றை வழித்து வழித்து விளிம்பு வரைக்கும் வாளியை நிரப்பினாள். அவர் வீட்டுப் பூந்தொட்டி மண்ணிலேயே இரண்டு கை அள்ளிப் போட்டுக் கிளறி, வாசற்படியில், கோலத்தின் நட்டநடுவில் வைத்தாள். நாற்றம் அவருக்கு முன்னால் வீட்டுக்குள் போனது.

"என்ன பண்ற நீ?"

அவள் விரலை உள்ளே விட்டு எடுத்து, அவருடைய வெள்ளைக் கேட்டில் நிதானமாகத் துடைத்தாள்.

"இன்னும் காயல சார். நாளைக்கு வந்து பாக்கறேன்."