பெத்தணனுக்கு நூற்றைந்து

"நூத்தஞ்சு வயசாம்! யாருகிட்டக் கதை விடுதாக?" என்று பொருமினார் தங்கச்சாமி.

சிவகாசியில் காலண்டர் அடிக்கும் அச்சகம் ஒன்றில் அவர் மேனேஜர். பொய்யை மோப்பம் பிடிப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு நினைப்பு. எதிராளி வாயைத் திறக்கும்போதே தெரிந்துவிடுமாம். அப்படி அவரே சொல்லிக்கொள்வார்.

மதுரை லேகியக் கம்பெனி ஒன்று அறுபத்தேழாம் வருசக் காலண்டருக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. சாமி படம் வேண்டாம், நூறு வயது தாண்டிய மனிதர் படம்தான் வேண்டும் என்று கண்டிப்பு. ஆமத்தூர்ப் பெத்தணனை எல்லோரும் கைகாட்டினார்கள். பெரியவர் அந்த லேகியத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அது பரவாயில்லை, வியாபாரம். ஆனால் வயதில் பொய் இருக்கக் கூடாது என்பதில் தங்கச்சாமி கறாராக இருந்தார்.

"மொதலாளி, கெழவருக்குப் பல்லு பாதி அப்படியே இருக்கு. ஊசியில நூலு கோக்குறாரு. நூத்தஞ்சுங்கிறது பச்சைப் புளுகு. நாளைக்கு எவனாவது கண்டுபிடிச்சா, லேகியக்காரன் அம்புட்டுக் காலண்டரையும் நம்ம தலையிலதான் கட்டுவான்."

முதலாளி சீனிவாசகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த சீசனில் வந்த பெரிய ஆர்டரே அதுதான்.

"விசாரிச்சிட்டு வந்து ஒரே சொல்லாச் சொல்லிருங்க. நெசம்னா அடிப்போம். பொய்யின்னா ஆர்டரைத் திருப்பிருவோம்."

பெத்தணன் பிறந்தது வெம்பக்கோட்டைப் பக்கம். அங்கே அவருடைய சித்தி மகன் கோட்டைச்சாமி இன்னும் திடமாக இருப்பதாகக் கேள்விப்பட்டு, தங்கச்சாமி நேரே அவரிடம் போய் நின்றார்.

"எங்க அண்ணனுக்கு நூத்தஞ்சா?" கோட்டைச்சாமி விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க ரெண்டு பேத்துக்கும் ஒரே நாள்லதான்யா காதுகுத்து. தாய்மாமன் ஒருத்தரு. அவரு வலது தொடையில அண்ணன், இடது தொடையில நான். தாது வருசப் பஞ்சத்துல பொறந்தவன் நான். எனக்குத் தொண்ணூறு, அவருக்கு ஒண்ணு கூட."

தொண்ணூற்றொன்று! தங்கச்சாமிக்கு லேகியம் சாப்பிடாமலே தெம்பு வந்தது.

"ஆனா ஒண்ணு, அண்ணன் எதுக்கு அப்படிச் சொல்லுதாருன்னா..." என்று கோட்டைச்சாமி தொடங்கினார். அதைக் கேட்க யார் நின்றார்கள்? தங்கச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

ஆமத்தூரில் பெத்தணன் வாசலில் மிளகாய் வற்றலைப் பரப்பிக்கொண்டிருந்தார். தங்கச்சாமி தெருவிலிருந்தே ஆரம்பித்தார்.

"பெரியவரே! தாய்மாமன் தொடையில உக்காந்த கதையெல்லாம் தெரிஞ்சுபோச்சு. தொண்ணூத்தொண்ணை வச்சுக்கிட்டு ஊரை ஏமாத்துறீகளே, மாலை மரியாதைக்கா இம்புட்டும்?"

பெரியவர் பதறிப்போய் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு தங்கச்சாமியின் கையைப் பிடித்து வைக்கோல் படப்புக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"மெள்ளப் பேசுங்க தம்பி. உள்ள எம் பொண்டாட்டி இருக்கா."

"அவுகளையும் ஏமாத்தியாச்சா?"

"அவளை ஏமாத்த முடியுமா? பஞ்சத்துல என்னை இடுப்புல வச்சுக்கிட்டுக் கஞ்சித் தொட்டிக்கு நடந்தவளே அவதான்."

தங்கச்சாமிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "உங்களைத் தூக்கிக்கிட்டா?"

"ஆமா. வெள்ளைத்தாயி எனக்கு அத்தை மக. அப்ப அவளுக்குப் பதிமூணு, எனக்கு ரெண்டு. அவளுக்கு வேற முறை மாப்பிள்ளை இல்ல. எனக்குப் பத்து வயசானதும் தாலியக் கையில குடுத்துக் கட்டுடான்னுட்டாக."

பெரியவர் மறுபடியும் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"கெணத்தடியில, 'ஏட்டி, ஒம் புருசனுக்குப் பால் புகட்டிட்டியா? தொட்டில்ல தூங்குறானா?'ன்னு கேட்டுக் கேட்டே அவளை அழ வச்சாக தம்பி. தெனமும் வெறுங்குடத்தோட திரும்பி வருவா. எனக்கு மீசை முளைச்சதும் அவளைக் கூட்டிக்கிட்டு இங்கன வந்துட்டேன். இந்த ஊருக்குள்ள கால் வச்ச அன்னைக்கே எனக்குப் பதினாலு வயசு ஏத்திக்கிட்டேன். பெறகு ஒருத்தரும் அவளைப் பார்த்துச் சிரிக்கல."

"சரிய்யா. சிரிச்சவக எல்லாம் போய்ச் சேர்ந்துட்டாக. இப்ப எதுக்கு நூத்தஞ்சு?"

"நான் என்ன செய்ய? அவளுக்கு நெசமாவே நூத்திரண்டு நடக்குதே!"

அதற்குள் வெள்ளைத்தாயியே மோர்ச் செம்போடு வந்துவிட்டாள். முதுகில் லேசான கூன்தான். நடை தளரவில்லை.

"வெயில்ல வந்திருக்கீக. மோரு குடிங்க. இவரு வயசுல எதுவும் சந்தேகமாக்கும்?"

தங்கச்சாமி இரண்டு கையாலும் செம்பை வாங்கிக்கொண்டார். தெருவிலேயே கத்தியதை நினைத்தபோது அவருக்கு அவமானமாக இருந்தது.

"சந்தேகமே இல்லம்மா. சரியா இருக்கு."

மறுநாள் அச்சகத்தில் சீனிவாசகம் தவிப்போடு காத்திருந்தார்.

"ஒரே சொல்லாச் சொல்லுங்க. நெசமா, பொய்யா?"

"நெசந்தான் மொதலாளி. நூத்தஞ்சுக்கு ஒரு நாள் கொறையாது" என்றார் தங்கச்சாமி. "படத்துல அவுக வீட்டம்மாவையும் பக்கத்துல உக்கார வைக்கணும். அவரைவிட மூணு வயசு சின்னவுக."